சுவரில் இருந்த முதலாளி

அந்தப் படத்தில் என் கணவர் போட்டிருந்த கோட்டின் பின்பக்கம் முழுக்கக் குண்டூசி. குத்தியவள் நான். முன்னால் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் கோலாலம்பூரிலேயே பெரிய தையல்காரர். பின்னால் நின்ற எனக்கு, அசைந்தால் முதுகில் குத்திவிடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன்.

கோட்டும் அவருடையது இல்லை. அம்பாங்கில் நாங்கள் கடை வைத்திருந்தபோது ஒரு துரை தைக்கக் கொடுத்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை கோட்டை வாங்காமலே ஓடிவிட்டார். துரைமார் போனபின் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? மூட்டை கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்து மிஷினைப் போட்டோம். அந்தத் தெருவில் எங்களை ஒருவருக்கும் தெரியாது. இங்கிலீஷில் எழுதிய எங்கள் பழைய போர்டை மாட்டக்கூடாது என்று ஜப்பான்காரன் சொல்லிவிட்டான். புதுப் போர்டு எழுத வசதியில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"போர்டு எதுக்கு? என் படத்தை மாட்டுவோம். ஆளைப் பார்த்தாலே தையல் எப்படின்னு தெரிஞ்சிரும்" என்றார்.

"அப்ப கடையை மூட வேண்டியதுதான்" என்றேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் நான் சொன்னதில் பொய்யில்லை. அவர் ஆள் எப்படி என்றால், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் கண் படபடவென்று சிமிட்டும். எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்தால் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். வந்தவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. கைவேலை மட்டும் சுத்தம். அவர் வெட்டிய துணியில் ஒரு நூல் கோணாது.

ஸ்டூடியோக்காரர் ஒரு சீனர். கூலிக்குப் பதிலாக அவருடைய கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்துத் தருவதாகப் பேச்சு. அவர் என் கணவரை உட்கார வைத்துப் பார்த்தார், எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துரையின் கோட்டுக்குள் இவரைப்போல இரண்டு பேர் நுழையலாம். அதனால்தான் குண்டூசி. கழுத்தில் டேப்பைப் போட்டு, கையில் பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்தார். சிரிக்கவே கூடாது, சிரிக்கிற முதலாளியிடம் எல்லாரும் விலை குறைத்துக் கேட்பார்கள் என்று ஸ்டூடியோக்காரர் மலாயில் அதட்டினார். இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார், சிமிட்டுவதை நிறுத்த முடியவில்லை. கடைசியில் ஸ்டூடியோக்காரரே ஒரு வழி சொன்னார். கண்ணை மூடிக்கொள், நான் கையைத் தட்டினதும் திற என்றார். தட்டினார், இவர் திறந்தார், எடுத்துவிட்டார்.

திடுக்கிட்டுத் திறந்த கண் படத்தில் முறைப்பாக விழுந்திருந்தது. துரையின் தோள், அந்த முறைப்பு, அந்தக் கத்தரிக்கோல். பார்த்தபோது எனக்கே யாரோ அந்நிய ஆம்பிளை வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. வெட்டும் மேசைக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினோம்.

சொல்லக்கூடாது, படம் நன்றாகவே வேலை செய்தது. உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள். பார்த்ததும் குரல் இறங்கும். யாராவது வம்படியாகப் பேரம் பேசினால் இவர் தலையைச் சொறிந்துகொண்டு படத்தை நிமிர்ந்து பார்ப்பார். "மேல இருக்கிறவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது. "அவருதானே நம்ம கடையில ஒழுங்கா வேலை செய்யிற ஆளு" என்பார்.

துணி கிடைக்காத காலம். திரைச்சீலையைச் சட்டையாக்கினோம், சாக்கைக் கால்சட்டையாக்கினோம். கிள்ளானிலிருந்து ஒரு பாய் எப்போதாவது துணி கொண்டுவந்து கொடுப்பார். ஜவுளி வியாபாரி, சண்டைக்கு முன்பிருந்தே எங்களுக்குப் பழக்கம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தெருவில் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. முதலில் ஒவ்வொரு வீட்டிலும் அழுகை கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. எனக்கும் எதுவும் உறைக்காமல் போய்விட்டது. மரவள்ளியைத் தின்றோம், தைத்தோம், படுத்தோம்.

ஒருநாள் ஆள் பிடிக்கிற ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் கால்சட்டை இடுப்பைச் சின்னதாக்க வந்தார். தமிழ் ஆள்தான். நான் வாசல் பக்கம் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பனியனோடு மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு, முதலாளியா? தோளைப் பாரு! இந்த மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். கங்காணியாப் போட்டா கூட்டமே அடங்கிக் கிடக்கும்." பிறகு மிஷின் பக்கம் திரும்பி, "ஏம்பா, உன் முதலாளி எங்க?" என்றார்.

என் கணவர் தலையைத் தூக்கினார். கண் படபடத்தது.

"வெளிய போயிருக்காருங்க" என்றார்.

"சரி. ஆயுத பூசை கழிச்சு வரேன். வீட்லயே இருக்கச் சொல்லு. எங்க போனாலும் தேடிப் பிடிச்சிருவோம்னு சொல்லு."

அவர் போனபின் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தப்பித்தோம் என்று இருந்தால் இருக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? இவர்தான் அந்தப் படத்தில் இருப்பவர் என்று தெருவில் யாராவது சொன்னால் போதும். சயாமுக்குப் போனால் இவர் ஒரு மாதம் தாங்கமாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அந்தப் படத்தைக் கழட்டித் தூரப் போடுங்க" என்றேன்.

"கழட்டினா ஏன் கழட்டினேன்னு கேப்பான்" என்றார். அதுவும் சரிதான். அன்றிலிருந்து அவர் தெருவில் தலை காட்டவில்லை, கேட்டவர்களுக்குக் கிள்ளானுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

பாயிடம் சொன்னோம். காப்பாரில் கடலோரமாக ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆயுத பூசைக்கு மறுநாள் விடியும் முன்னே லோரியில் கூட்டிப்போய் விட்டுவிடுகிறேன் என்றார்.

அந்த வருஷ பூசையில் பொரி இல்லை, கடலை இல்லை. அவித்த மரவள்ளிதான் படையல். வெட்டும் மேசையைத் துடைத்து, அதன்மேல் கத்தரிக்கோல், டேப், இஸ்திரிப் பெட்டி, ஊசிப் பெட்டி எல்லாம் வைத்தோம். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். மிஷினுக்கு வைத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் படத்தின் நெற்றியில் சந்தனத்தை வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, என்ன செய்றீங்க! உயிரோட இருக்கிறவங்க படத்துக்கா பொட்டு வைப்பாங்க?"

"இது நான் இல்லம்மா. இது கடைச் சாமான். கத்தரிக்கோலுக்கு வச்சா இதுக்கும் வைக்கணும்ல?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். பின்பக்கத்தில் பூத்த நந்தியாவட்டையைக் கட்டி வைத்திருந்தேன். மிஷினுக்குப் போட்டது போக மீதி இருந்த மாலையைப் படத்துக்குப் போட்டார். அபசகுனம் என்று வாய்வரை வந்தது. நாளைக்குப் போகிறவரை இன்றைக்கு என்ன திட்டுவது என்று விட்டுவிட்டேன். அவர் யோசித்துச் செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூசை முடியும்வரை எடுக்கமாட்டோம். அதனால் விடியற்காலை அவர் லோரியில் ஏறிப் போனபிறகும் மேசைமேல் எல்லாம் அப்படியே இருந்தன. தலைக்குக் குளித்துவிட்டு, விளக்கைத் தூண்டி விட்டேன். ஈரத் தலை, அவிழ்ந்த முடி, இன்னும் பொட்டு வைக்கவில்லை. அப்போது கதவைத் தட்டினார்கள்.

ஆள் பிடிக்கிற ஆபீஸ் கால்சட்டைக்காரர் வந்திருந்தார். கூட ஒரு ஜப்பான் சிப்பாய். "முதலாளி எங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே படம், அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை, கீழே எரிகிற விளக்கு. பிறகு என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"எப்பம்மா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. தந்திரம் ஒன்றும் இல்லை. என்ன கேட்கிறார் என்பதே எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது நாக்கு எழவில்லை. தாலி ரவிக்கைக்குள் கிடந்தது. தமிழனாகப் பிறந்த எவனும் உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்குப் பொட்டு வைப்பார்கள் என்று நினைக்கமாட்டான். அவரும் நினைக்கவில்லை. சிப்பாய்க்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்தையும் பூவையும் விளக்கையும் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், என் கணவருடைய படத்துக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான்.

அவர்கள் போய்விட்டார்கள். நான் மறுபூசை செய்து, மரவள்ளியைத் தின்றேன்.

அன்றைக்கே தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. கிள்ளானுக்குத் துணி வாங்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார், அங்கேயே காரியத்தையும் முடித்துவிட்டார்கள் என்று, அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டுக்கொண்ட பாய் ஆளுக்கு ஆள் சொல்லி முடித்தார். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, இனி நீ பொட்டு வைக்காத. பூ வைக்காத. படத்துல மாலை வாடாமப் பாத்துக்க. அவரு உசுரு இப்ப அந்த மாலையிலதான் இருக்கு" என்றார்.

பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. உயிரோடு காப்பாரில் கருவாடு தின்றுகொண்டிருப்பவருக்கு எப்படி அழுவது? "அதிர்ச்சியில உறைஞ்சு போயிட்டா பாவம்" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குப் புது மாலை போட்டேன். முதல் தடவை போட்டபோது நானே அவரைக் கொல்கிறேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போகப்போக இஸ்திரிப் பெட்டியில் கரி போடுகிற மாதிரி ஆகிவிட்டது. குங்குமம் உதிர்ந்தால் மறுபடி வைப்பேன், கண்ணாடியைத் துடைப்பேன், வேலைக்கு உட்காருவேன். கட்டிங்கும் நானே செய்யப் பழகிக்கொண்டேன். துரையின் கோட்டைப் பிரித்து இன்னொருவருக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தேன். நல்ல துணி, சும்மா கிடக்கவா?

கடை முன்னைவிட நன்றாக ஓடியது. அந்த மாதிரி ஒரு மனுஷர் நடத்திய கடை, அந்தம்மா தனியா கிடந்து கஷ்டப்படுது என்று தேடி வந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள். "ஒரு பார்வை பார்த்தாருன்னா நமக்குப் பேச்சே வராது." "சொன்னா சொன்ன நாள்ல குடுத்திருவாரு." அவரைப் பார்த்தே இராதவர்கள்கூடச் சொன்னார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சொன்ன நாளில் கொடுத்தாராம்! கொஞ்ச காலத்தில் எனக்கே அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் சிமிட்டுகிற கண் வரவில்லை. அந்த முறைப்புத்தான் வந்தது.

பாய் வரும்போது, கடையில் ஆள் இருந்தால் "சரக்கு நல்லா இருக்கு தங்கச்சி" என்பார். ஒரு தடவை "சரக்கு காய்ச்சல்ல கிடக்கு, பிழைச்சிரும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அப்புறம் துணி நனைந்துவிட்டதாகச் சமாளித்தார். அந்த வாரம் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அளவு மட்டும் ஒன்றும் தப்பவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று பாசாரில் பேசிக்கொண்டார்கள். சில நாள் கழித்து, ஒரு பகல் நேரத்தில், கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். கைலி, தாடி, வெயிலில் கறுத்துச் சுருங்கிய உடம்பு. மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கண் படபடவென்று சிமிட்டியது. அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

கடையில் சட்டை வாங்க வந்த ஒருவர் இருந்தார். என்னையும் வாசலில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாரு அண்ணே நீங்க?" என்றார்.

இதோ இவர்தான் முதலாளி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் என் கணவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். சந்தனம், குங்குமம், அந்த வெள்ளிக்கிழமை போட்ட மாலை.

"தம்பிங்க" என்றார். "அவரோட தம்பி."

அவ்வளவு நாள் ஒளிந்து இருந்தவருக்கு வாயில் வேறென்ன வரும்? ஆட்சி மாறினாலும் பயம் உடனே போய்விடாது. கால்சட்டைக்காரர் இன்னும் ஊரில்தான் இருந்தார். கொஞ்ச நாள் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அவர் வந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன். சாப்பாடு போட்டேன், தாடியைச் சவரம் செய்யச் சொன்னேன், படுக்கப் பாய் விரித்தேன். பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் புதிதாக இருந்தது.

பயம் தெளிந்தபின், பழைய ஸ்டூடியோவுக்கே போய் ஒரு புதுப் படம் எடுத்தோம். கோட்டு இல்லை, சட்டைதான். கண்ணை மூடித் திறக்கச் சொன்னபோது இவர் சிரித்துவிட்டார். படத்தில் அரைக் கண்ணும் அரைச் சிரிப்புமாக, உள்ளது உள்ளபடி விழுந்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பழைய படத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டினேன். நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டேன்.

வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னோம். இவர்தான் அவர், ஜப்பான்காரனுக்குப் பயந்து ஒளிந்திருந்தார் என்று. கேட்டுக்கொண்டு, புதுப் படத்தையும் இவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்பு இவரிடம் பேரம் பேசியவர்களுக்குக்கூட அந்த முறைப்புத்தான் ஞாபகத்தில் இருந்தது. புருஷன் தம்பியைக் கட்டிக்கொண்டு அதை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்று குழாயடியில் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன். ஆனால் துணி கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"தம்பி படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் படத்தை ஏம்மா எடுத்தீங்க? போய்ச் சேர்ந்தவருக்கு அந்த மரியாதைகூட இல்லியா?"

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பழைய படம் மறுபடி ஆணியில் இருந்தது. மாட்டியவர் அவரே. நந்தியாவட்டையும் போட்டிருந்தார். கூட்டம் திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை மாலை போடும் வேலையை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் மிஷினில் இருந்தேன். அவர் ஸ்டூலில் ஏறிப் பழைய மாலையை எடுத்துவிட்டுப் புது மாலையைப் போட்டார். தொங்கிய காம்பைச் சரி செய்தார். அளவு கொடுக்க வந்த ஒரு புது ஆள் கீழே நின்று படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் ரொம்பக் கண்டிப்பான ஆளோ?"

என் கணவர் ஸ்டூலில் நின்றபடியே படத்தைப் பார்த்தார். கண் சிமிட்டியது.

"ஆமாங்க. எனக்கே பயம்தான். ஆனா அவரு இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு குறையும் வச்சதில்ல" என்றார்.

பொய் சொல்லவில்லை. குரலில் கேலியும் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்த தம்பி எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் வராதது, காய்ச்சல் என்று பாய் சொன்னபோது வராதது, வாசலில் வந்து நின்றபோதும் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. என் புருஷன் போய்விட்டார் என்று அழுதேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கிவந்து, என்ன என்று கேட்காமல், டேப்பை எடுத்து, வந்திருந்த ஆளுக்கு அளவெடுக்கப் போனார். சத்தம் கேட்கக்கூடாதென்று நான் மிஷினை வேகமாக மிதித்தேன்.